நாலாம் நம்பர் ஃபேமிலி ரூம்

பேய், ஆவி என்று யாராவது என்னிடம் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். வேலைவெட்டி இல்லாதவர்கள் பேச்சு அது என்றுதான் நாற்பத்தாறு வயது வரை நினைத்திருந்தேன். இப்போது நானே சொல்ல வந்திருக்கிறேன். நம்புங்கள், நம்பாமல் போங்கள், அது உங்கள் பாடு. நான் பொய் சொல்லவில்லை.

என் தம்பி குமார் வேன் ஓட்டினான். முப்பத்து நான்கு வயதில் நெஞ்சு வலி, அவ்வளவுதான், போய்விட்டான். அவன் மனைவி செல்வியும் மகள் யாழினியும் காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் என்னோடு இருக்கிறார்கள். முதல் வருஷ நினைவு நாள் வந்தபோது யாழினிக்கு ஐந்து வயது. அப்போது செல்வி ஒரு கூத்து செய்தாள். வீட்டில் படைக்க வேண்டாமாம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் இருக்கிற சைனீஸ் ஓட்டலில் படைக்க வேண்டுமாம்.

"வூட்ல சமைச்சத அவரு எப்ப அண்ணி ஆசையா துன்னாரு? அந்த நூடுல்ஸு, சில்லி சிக்கன், சூப்பு, அதான் அவருக்கு உசுரு. அங்க வச்சாதான் வருவாரு."

"வருவான். வந்து பில்லும் கட்டுவான். போடி" என்று கத்தினேன். அவள் அழுதாள். ஒரு வருஷமாகச் சரியாகச் சாப்பிடாதவள். தொலையட்டும் என்று சம்மதித்தேன். அங்கேதான் என் புத்தி கெட்டது.

எங்கள் வழக்கம் இது. செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவோம். அந்த ஓட்டலில் கதவு போட்ட ஃபேமிலி ரூம்கள் உண்டு. நாலாம் நம்பரைக் கேட்டு வாங்கினோம்.

பகல் இரண்டு மணி. வெளியே வெயில் கொளுத்துகிறது. கற்பூரம் ஏற்றக்கூடாது, மேலே இருக்கிற புகை அலாரம் அடிக்கும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பிளேட்டில் எல்லாவற்றையும் வைத்தோம். மூத்தவள் நான்தான் கூப்பிட வேண்டும். வெட்கமாக இருந்தது. "குமாரு, வந்து சாப்புடுப்பா" என்றேன். கதவைச் சாத்திவிட்டுக் கைகழுவும் இடத்தில் போய் நின்றோம்.

உள்ளே பெல் அடித்தது. சர்வரைக் கூப்பிடுவதற்கு மேஜையில் வைத்திருப்பார்களே, அந்த பெல். நாங்கள் மூன்று பேரும் வெளியே நிற்கிறோம். பக்கத்து ரூம் பெல் என்று நினைத்தேன். சத்தம் கேட்டு ஒரு சர்வர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், எங்கள் விஷயம் ஒன்றும் தெரியாது. நேராக நாலாம் நம்பருக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் எங்களிடம் வந்தார்.

"என்னம்மா, எல்லாரும் இங்க நின்னுக்கினு இருக்கீங்க? சாரு தனியா உக்காந்துனு இருக்காரு."

"எந்த சாரு?"

"ஒல்லியா, வாட்ச்ச சோத்துக் கையில கட்டிக்கினு. பாப்பாவ மட்டும் உள்ள அனுப்ப சொன்னாரும்மா."

குமார் வலது கையில்தான் வாட்ச் கட்டுவான். யாழினி "அப்பாவா?" என்று ஓடப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். செல்வி என் கையைப் பிடுங்க வந்தாள்.

"வுடுங்க அண்ணி! பெத்தவரு ஒரு வாய் ஊட்டணும்னு கேக்கறாரு."

"செத்தவன் கையால ஒரு வாய் துன்னா இவளயும் கூட்டினு பூடுவான்டி! உனுக்குப் புள்ள வேணுமா வேணாமா?"

ஓட்டலே திரும்பிப் பார்த்தது. நான் குழந்தையை விடவில்லை. அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கதவை நாலு தட்டு தட்டிவிட்டுத் திறந்தேன்.

யாரும் இல்லை. வேறு கதவு கிடையாது, ஏசி ரூம், ஜன்னலும் கிடையாது. அவனுக்கு வைத்த பிளேட் வைத்தபடி இருந்தது. ஆனால் பக்கத்து நாற்காலி அதை ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்ன பிளேட். அதில் நூடுல்ஸை ஸ்பூனால் குட்டி குட்டியாக வெட்டி, மிளகாயைப் பொறுக்கி ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

அதை அப்படியே குப்பைக் கூடையில் கொட்டினேன். "இப்பதாம்மா பேசினாரு" என்று சர்வர் அந்தக் காலி நாற்காலியைக் காட்டினார்.

செல்வி அழுதுகொண்டே முன்னால் இறங்கிப் போய்விட்டாள். நான் யாழினியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன். பாதிப் படியில் பார்க்கிறேன், அவளுடைய வலது கை மேலே தூக்கியபடியே வருகிறது. விரல்கள் எதையோ பற்றியிருக்கின்றன. "கைய கீழ போடுடி" என்றேன்.

"நீ வுடு அத்த. ரெண்டு பேரும் இழுத்தா வலிக்குதில்ல?"

அவளை வாரித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தேன். எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

இப்போது அவளுக்கு ஏழு வயது. நன்றாக இருக்கிறாள். ரோட்டைக் கடக்கும்போது அவளுடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். சில நாள் அந்த வலது கையைப் பிடிக்கும்போது உள்ளங்கை மட்டும் சுடச்சுட இருக்கிறது. யாரோ அப்போதுதான் விட்ட மாதிரி.