வளையல் கழற்றிய பகல்

மெல்பர்ன் நகரில் தெருவைக் கடக்கும் இடங்களில் நடப்பட்டிருக்கும் கம்பங்கள் ஓயாமல் சத்தமிடுகின்றன. சிவப்பு விளக்கு எரியும்போது டக், டக் என்று நிதானமாக. பச்சை வந்ததும் அவசர அவசரமாக. மகன் வீட்டுக்கு வந்த புதிதில், உள்ளே ஏதோ பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். பழுதைக் கண்டும் சொல்லாமல் போவது முறையன்று என்று, அருகில் நின்ற வெள்ளைக்கார அம்மையாரிடம் கம்பத்தைக் காட்டி, என் காதையும் தொட்டுக் காட்டினேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். பச்சை வந்ததும் என் முழங்கையைப் பற்றி, படி இறங்கும் இடத்தில் நின்று எச்சரித்து, எதிர்ப்புறம் வரை கொண்டுபோய் விட்டார். "ஓகே டார்லிங்?" என்றார். எண்பதை நெருங்கும் என்னை அப்படி அழைத்தவர் இவ்வுலகில் அவர் ஒருவரே. கண் தெரியாதவர்களுக்காகத்தான் அந்தக் கம்பம் ஒலிக்கிறது என்று மாலையில் மகன் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே முகம் தெரியாத ஒருவர் விழுந்துவிடக் கூடாதே என்று தெருமுனை தோறும் இரும்பும் கவலைப்படுகிறது. அங்கே, சிதம்பரத்தில், இவன் பிறப்பதற்கு முன், இவனுடைய அக்காளுக்குக் கண் தெரியவில்லை என்பதைப் பெற்ற தகப்பனாகிய நானே அவளுக்குப் பதினோரு மாதம் ஆகும் வரை ஒப்புக்கொள்ளாமல் இருந்தேன். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கடல் தாண்டி வந்தவர்களுக்கும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

சிவகாமி இரண்டாம் உலக யுத்தம் முடிகிற தறுவாயில் பிறந்தாள். நான் கீழவீதியை ஒட்டிய ஒரு பள்ளியில் தமிழாசிரியன். விடியலில் நீராடி, நீறணிந்து, சந்நிதியில் நின்று ஒரு பதிகமேனும் ஓதாமல் பருக்கையை வாயில் இட்டதில்லை. அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது. குழந்தைக்கு நான்கு மாதம் இருக்கும். முற்றத்து வெயிலில் அவளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி தையல்நாயகி, "என்னங்க, இங்க வந்து பாருங்க. கண்ணுக்குள்ள வெள்ளையா என்னமோ தெரியுது" என்றாள். குனிந்து பார்த்தேன். இரண்டு கருமணிகளின் நடுவிலும் நொய்யரிசி அளவில் ஒரு வெண்மை. எந்தத் தகப்பனும் அஞ்சியிருப்பான். நானோ மெய்சிலிர்த்தேன். "பயப்படாதே. ஆடவல்லான் கண்மணியிலேயே திருநீறு இட்டு அனுப்பியிருக்கிறான்" என்றேன்.

ஒருமுறை சொன்ன சொல்லை விடாமல் பிடித்துக்கொள்ள எனக்கு ஊரே துணை செய்தது. எங்கள் கோயிலில் திரையை விலக்கினால் உள்ளே உருவம் இல்லை. பொன் வில்வமாலை தொங்கும் வெளிதான் தரிசனம். கண்ணால் காண முடியாததே பெரிது என்று கேட்டு வளர்ந்தவனுக்கு, எதையும் பார்க்காத குழந்தை எதையோ பார்ப்பவளாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவள் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. விழிகள் மேலே மேலே அலைந்தன. இறைவனைத் தேடுகிறாள் என்றேன். ஓதுவார் குரலெடுத்ததும் கைகால் ஆட்டம் நின்று, உடம்பெல்லாம் செவியாகக் கிடப்பாள். பூர்வபுண்ணியம் என்றேன். பக்கத்து வீதிப் பெண்கள் அவள் கையால் விபூதி வாங்கிப் போனார்கள். அதற்குள் எதிர்வீட்டுப் பிள்ளை தவழ்ந்து வாசற்படி தாண்டிவிட்டான். இவள் பத்தாம் மாதம்தான் உட்கார்ந்தாள். வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தாள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் மைத்துனன் சபாபதி அந்த நாட்களில் வந்தான். குழந்தைக்கு எதிரே சத்தமில்லாமல் குந்தி உட்கார்ந்து, நாக்கை நீட்டினான், கண்ணை உருட்டினான், மேல்துண்டை ஆட்டினான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், கொழந்த சாமியப் பாக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கீங்க. சரி. எதுர்ல இத்தாம் பெரிய மாமன் ஒக்காந்துகினு கொரங்கு வேல காட்றேன், என்னப் பாக்கலியே?"

"உன்னைப் பார்ப்பதில் என்ன லாபம் என்று விட்டிருப்பாள்" என்றேன்.

"லாபம் இல்லதான். ஆனா காக்கா கூட என்னப் பாத்தா பறக்குது மச்சான்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தங்கை சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து, நண்பகலில் உணவுக்காக வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் பாய்மேல் குழந்தை மல்லாந்து கிடந்தது. தையல்நாயகி அதன்மேல் குனிந்திருந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் வெறுமையாக இருந்தன. கண்ணாடி வளையல்கள் அனைத்தும், விளக்கெண்ணெய் தடவிக் கழற்றப்பட்டு, அம்மிக்கருகே ஒரு துணியில் கிடந்தன. கணவன் உயிரோடிருக்கும் பெண்ணின் வெறுங்கையை நான் அதற்குமுன் கண்டதில்லை. "என்ன காரியம் செய்தாய்!" என்று வாயெடுத்தேன். அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு தன் முகத்தைக் குழந்தையின் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் கொண்டுபோய்ச் சிரித்தாள். குழந்தையின் விழிகள் அவள் முகத்தின்மேல், காற்றின்மேல் போவதுபோல், போயின. வலப்புறம் சாய்ந்தாள், இடப்புறம் சாய்ந்தாள். ஒன்றுமில்லை. பிறகு எட்டி அந்தத் துணியை எடுத்து இலேசாகக் குலுக்கினாள். குழந்தை உடனே அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, பொக்கை வாய் மலரச் சிரித்தது.

"பாத்தீங்களா? இத்தினி நாளா வளையச் சத்தத்தத்தான் அம்மான்னு நெனச்சிக்கினு இருக்குது. என் மொகத்த இல்ல" என்றாள். பிறகு, குரல் தாழ்த்தி, "திருநீறுன்னு சொன்னீங்களே. பெத்தவ மொகத்த மறைக்கிற திருநீறு உண்டாங்க?" என்றாள்.

அஞ்சுவது அஞ்ச வேண்டும் என்று மாணவர்களுக்கு எத்தனையோ பாட்டுகளில் பொருள் சொல்லியிருக்கிறேன். அச்சம் என்பது வயிற்றில் ஈரத்துணிபோல் கிடக்கும் ஒரு பாரம் என்பது அன்றுதான் தெரிந்தது. நான் தொழுததெல்லாம் எதை என்று நினைக்கவே அஞ்சினேன்.

மறுநாள் பாசஞ்சர் ரயிலில் கடலூர் போனோம். சபாபதி ஜட்கா வண்டியோடு காத்திருந்தான்; கேலி ஒன்றும் பேசவில்லை. மஞ்சக்குப்பத்தில் அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வைத்தியர் குழந்தையின் கண்ணில் டார்ச் அடித்து நெடுநேரம் பார்த்தார். "ரெண்டு கண்ணுலயும் புரை. கிழவனுங்களுக்கு வர்றது, சிலது இதோடயே பொறக்குதுங்க. மதராஸ்ல ஆபரேஷன் பண்ணணும்" என்றார். தையல்நாயகி என் முன்னிலையில் வேற்றாளிடம் பேசி நான் கேட்டதில்லை. அன்று கேட்டாள்: "இன்னும் தவழல சாமி. மூளைக்கும் ஏதாச்சும்..."

"அத இப்ப சொல்ல முடியாதும்மா. தவழ்றதுன்னா என்ன? எதுர்ல கிண்ணம் மினுக்குது, எடுக்கப் போவுது. இதுக்கு எதுர்ல ஒண்ணுமே இல்லியே, எங்க போவும்?" என்ற வைத்தியர் என்னிடம் திரும்பி, "வாத்தியாரே, மூணு நாலு மாசத்துலயே கொண்டாந்திருந்தா..." என்று தொடங்கி, என் நெற்றியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மறுபாதியை அன்றிலிருந்து நானே பலவாறாக முடித்துப் பார்த்திருக்கிறேன்.

மதராஸ் மருத்துவமனையில் இடம் கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் நாங்கள் குழந்தைக்கு எதிரே ஓர் இடத்தை உண்டாக்க முயன்றோம். பித்தளைச் சொம்பில் புளியங்கொட்டைகளைப் போட்டுத் தையல்நாயகி குலுக்குவாள். குழந்தை கையை நீட்டினால் கொடுத்துவிடுவாள். மறுநாள் நான்கு விரல் தள்ளிக் குலுக்குவாள். நானும் தரையில் குப்புறப் படுத்து, சொம்புக்குப் பின்னால் இருந்து பேர் சொல்லி அழைப்பேன். பத்தொன்பதாம் நாள் அவள் வயிற்றால் இழுத்துக்கொண்டு, தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணலில் படகைத் தள்ளுவதுபோல், ஒரு சாண் நகர்ந்தாள். தையல்நாயகி அழுதாள். எனக்கு அப்போதும் அச்சம்தான். மூளையில் குறையில்லை என்றால், இத்தனை மாதம் அவளை இருந்த இடத்திலேயே இருக்கவிட்ட குறை முழுவதும் என்னுடையதல்லவா?

ஊசியால் புரையைக் கீறினார்கள். சில வாரம் விட்டு மறுபடியும் கீறினார்கள். கண்கட்டைப் பிய்த்துவிடாதபடி முழங்கைகளில் அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டவிழ்த்த காலையில் டாக்டர் ஜன்னலைப் பாதி மூடச் சொல்லிவிட்டு, "கூப்பிடுங்க" என்றார். கட்டிலுக்கு நான்கடி தள்ளி நின்று, "சிவகாமி" என்றேன். திரும்பினாள். அவள் விழிகள் முதன்முறையாக என்மேல் வந்து நின்றன. நின்ற கணமே அவள் முகம் கோணியது, அலறினாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி அழைத்தேன். அப்போது அவள் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, என் குரலை நோக்கிக் கைகளை நீட்டினாள்.

பார்வை முழுவதும் வரவில்லை. நாடா கோத்துத் தலையில் கட்டிய தடித்த கண்ணாடியோடு இரண்டரை வயதில் நடந்தாள். அறிவில் ஒரு குறையும் இல்லை என்று தெரிய அதற்குமேல் இரண்டு ஆண்டு சென்றது. அதுவரை நாங்கள் இருவரும் அவள் ஒவ்வொரு சொல்லையும் மூச்சடக்கிக் கேட்டோம். இன்று அவள் சிதம்பரத்தில் இருக்கிறாள். தாய் போனபின் அந்த வீடு அவளுடையது. கண்ணாடியை முந்தானையில் முடிந்துகொண்டு நான்கு வீதியும் தனியே சுற்றி வருவாள். ஒரே ஒருமுறை இங்கே வந்தாள். பெயர்ப்பலகையில் மூக்கு இடிக்கும்படி நெருங்கி நின்று படிப்பவள், இந்த ஊரில் கண்களை அகலத் திறந்துகொண்டு என் சட்டைக் கையை இரண்டு கைகளாலும் பற்றியபடியே ஆறு வாரமும் நடந்தாள். போக வேண்டாம், இங்கேயே இருந்துவிடு என்று நான் சொல்லவில்லை. நீங்களும் வாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

திரும்பிப் போன அன்று, விமான நிலையத்துப் பெண் ஒருத்தி அவளைக் கைபிடித்து உள்ளே அழைத்துச் செல்ல வந்தாள். "அப்பா, நான் உள்ள போற வரைக்கும் பேசிக்கினே இருங்க" என்றாள் சிவகாமி. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பேசினேன். கஞ்சி குடித்தாயா என்றேன், குளிருக்குப் போர்த்திக்கொள் என்றேன், படி வருகிறது, பார்த்துப் போ என்றேன். கதவு அவள் பின்னால் மூடிக்கொண்டது. சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எந்த இடத்தில் என் குரல் அவளுக்குக் கேட்காமல் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நிறுத்தத் துணிவில்லாமல், மூடிய கதவைப் பார்த்துத் தமிழில் பேசிக்கொண்டே நின்றேன்.