ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக்கிய கதை

என் வீட்டுக்காரருக்குக் கை ஒடிந்த நாளில் அவரைத் திட்டத் தொடங்கினேன், மூன்று மாதம் நிறுத்தவில்லை. மாவுக்கட்டோடு பாண்டியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

எல்லாம் எங்கள் டிராக்டரால் வந்தது. என் மாமனார் எங்கோ ஏலத்தில் எடுத்த வண்டி. பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்ட வேண்டும். மரக்காணம் உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பை டிரெய்லரில் ஏற்றி ரோட்டோரக் கொட்டகைக்கு இழுக்கும். எங்கள் சோறு அதில்தான். மற்ற வண்டிகளுக்குப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்றால் இதற்கு ஆறு வோல்ட். அதில் என்ன வித்தியாசம் என்று அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

இரண்டாயிரத்து ஆறு தை மாதத்தில் செல்ஃப் ஸ்டார்ட் மக்கர் பண்ணத் தொடங்கியது. பட்டனை அமுக்கினால் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் வண்டிக்கு முன்னால் இரும்பு ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுவார். மாசியில் ஒரு நாள் காலை அந்த ஹேண்டில் திருப்பி அடித்தது. வலது மணிக்கட்டு போயிற்று.

"பேட்டரிய மாத்து, பேட்டரிய மாத்துன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? உன் கஞ்சத்தனத்துக்குக் கைய குடுத்துட்டு வந்துகீறியே."

"கெடைக்கலடி. ஆறு வோல்ட்டுன்னாலே கடையில சிரிக்கிறான்."

அது நிஜம்தான். நானே பாண்டியில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், "மியூசியத்துல கேட்டுப் பாருங்கம்மா" என்றார். அவரையும் திட்டிவிட்டு வந்தேன்.

உப்பு வாரும் பருவம், வீட்டில் உட்கார முடியாது. அளத்து ஆட்கள் நாலு பேர் வண்டியைத் தள்ளுவார்கள், அவர் ஒற்றைக் கையால் ஓட்டுவார். பத்து நாள் தள்ளியதும் அவர்களுக்கும் சலித்துப்போயிற்று. ஒரு நாள் சோறு எடுத்துக்கொண்டு போனேன். மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, இடது கையால் ஹேண்டிலைச் செருகிக்கொண்டிருந்தார். சோற்றுத் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு ஓடி ஹேண்டிலைப் பிடுங்கினேன்.

"இந்தக் கையும் போச்சுன்னா நான்தான் உனுக்கு ஊட்டணும். அதுக்குத்தான் பாக்கிறியா?"

ஹேண்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அது எத்தனை நாளைக்கு? நான் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் எடுத்துவிடுவார். அந்த ஒரு கையாவது மிஞ்ச வேண்டுமென்றால் பட்டனை அமுக்கியதும் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். அதற்குத்தான் கூனிமேட்டு பாயைத் தேடிப் போனேன். வளைகுடாவில் பதினோரு வருஷம் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்.

பாய் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "சுனாமில கடல் உள்ள வந்தப்ப இது தண்ணில நின்னுச்சா?"

"அர நாள் நின்னுது."

"அதான் தங்கச்சி. வயரெல்லாம் செத்திருக்கும். மொத்தமா உருவிட்டுப் பன்னெண்டு வோல்ட்டுக்கு மாத்திடலாம். பேட்டரியும் எங்க வேணா கெடைக்கும்." பிறகு பானட்டைத் தடவிப் பார்த்தார். "பெயிண்ட் வேலை யாரு? ஷோரூம் வண்டி மாதிரி இருக்குது."

"நான்தான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் வண்டிக்கு நான்தான் பெயிண்ட் அடிப்பேன். உப்புக்காற்றில் ஒரு வருஷம் விட்டால் இரும்பு பொரிந்துவிடும். போன பூஜைக்கு, கடல் தண்ணீர் பட்ட வண்டியாயிற்றே என்று போல்ட் போல்ட்டாகக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடிப்பக்கம் உள்பக்கமெல்லாம் இரண்டு கோட்டிங் அடித்து மறுபடி முடுக்கியிருந்தேன். ஒரு இடம் விடவில்லை.

இரண்டு நாள் வேலை என்றார் பாய். ஒரு மாதம் இழுத்தது. முதலில் டைனமோ கிடைக்கவில்லை. ஒரு பழைய காரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது எங்கள் வண்டியில் உட்காரவில்லை. தாங்கிப் பிடிக்கும் பட்டையை வெல்டிங் வைக்கப் போனால் அன்றைக்குக் கரண்ட் இல்லை. பட்டை வந்ததும் பெல்ட் நீளம் பத்தவில்லை. எந்த வண்டியிலும் பேட்டரியின் மைனஸைத்தான் பாடியோடு சேர்த்திருப்பார்கள், இந்தச் சனியனில் பிளஸைச் சேர்த்திருந்தது. எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். இக்னிஷன் காயில், பல்பு எல்லாம் மாற்றிவிட்டு ஹாரனை மறந்துவிட்டார். சரி பார்க்கலாமென்று ஹாரனை அமுக்க, ஆறு வோல்ட் ஹாரன் பன்னிரண்டைத் தாங்காமல் ஒரே ஒரு தடவை கத்திவிட்டுப் புகைந்துபோயிற்று. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால் சனிக்கிழமைதான் வருவார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பாயைத் திட்ட முடியாது, பெரிய மனுஷர். அவருக்குச் சேர வேண்டியதையும் சேர்த்து வீட்டுக்காரருக்கே கொடுத்தேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எனக்கு இன்னும் எரிச்சலாக வரும்.

சித்திரைக் கடைசியில் வேலை முடிந்தது. பாய் பட்டனை அமுக்கினார். வண்டி ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய பேட்டரியைப் பாண்டிக் கடையில் எடைக்குப் போட்டேன். ஹேண்டிலை டிரம்முக்குப் பின்னாலேயே விட்டுவிட்டேன்.

நாலு நாள்தான். ஐந்தாம் நாள் காலை மறுபடியும் அதே 'டிக்'. பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த கேபிளின் நுனியில் புகை. கையில் கிடைத்ததை எடுத்து அந்த வண்டியை அடிக்கலாம் போலிருந்தது. அவர் என்னைப் பார்த்து, "ஹேண்டில் எங்க வச்சிருக்கிற?" என்று மெதுவாகக் கேட்டார். நான் கூனிமேட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

பாய் வந்து வெகுநேரம் குனிந்தபடி பார்த்தார். பிறகு வேறொரு கேபிளை எடுத்து, பேட்டரியின் மைனஸிலிருந்து நேரே இன்ஜினில் வைத்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பட்டனை அமுக்கச் சொன்னார். இன்ஜின் விசுக்கென்று சுற்றியது. புகைந்த கேபிளைப் பாடியில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினார். அடியில் கத்தியை வைத்துச் சுரண்டினார். சிவப்பாக உரிந்து வந்தது. அதற்குக் கீழே இன்னொரு கோட்டிங் சிவப்பு.

"கரண்ட் இது வழியாத்தான் பாடிக்குப் போவணும், தங்கச்சி. பெயிண்ட் அதுக்குச் செவரு மாதிரி. போல்ட்டு மரைல மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டிருந்திருக்குது, அதான் நாலு நாள் ஓடிச்சு. புதுசு மாதிரி இருந்ததால நானும் சுரண்டிப் பாக்கல. என் தப்பும்தான்."

"அப்ப பழைய பேட்டரி?"

பாய் கத்தியைத் துணியில் துடைத்தார். "இத மொதல்லயே சுரண்டியிருந்தா ஆறு வோல்ட்டே போதும்."

எனக்குக் கணக்குப் போட வெகுநேரம் ஆகவில்லை. புரட்டாசியில் பூஜை. மழை முடியும்வரை வண்டி சும்மா நின்றது. தையில் 'டிக்'. மாசியில் கை. நடுவில் கடலும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. என் பிரஷ் மட்டும்தான் இருந்தது.

பாய் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்துக் கேபிளை முடுக்கிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டை எடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, கை மெலிந்து வெளுத்துக் கிடந்தது. போய் எதிரில் நின்றேன்.

"நான் அடிச்ச பெயிண்ட்தான்யா உன் கைய ஒடிச்சிது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு அந்தக் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்ப மூணு மாசமா நான் வாங்கினதெல்லாம்?"

"நீயும் திட்டேன்யா" என்றேன். "நல்லா திட்டு. நிக்கிறேன்."

"அது உனுக்குத்தான் நல்லா வரும்" என்று எழுந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதைக்கூடச் செய்யவில்லையே என்று அந்த நேரத்திலும் கோபம்தான் வந்தது.

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பழக்கத்தில் வலது கைதான் பட்டனுக்குப் போனது. கட்டைவிரலை வைத்து அமுக்கினார். பட்டன் உள்ளே போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அமுக்கினார், விரல்தான் மடங்கியது. நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து அமுக்கினார். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது.