திராட்சைத் தோட்டத்தில் கேட்ட வெடி

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மகள்தான் எங்களைக் கம்பம் பக்கம் அனுப்பிவைத்தாள். "திராட்சைத் தோட்டமெல்லாம் பார்த்துட்டு, ஊர் ஊரா சாப்பிட்டுட்டு வாங்க. என்னைய நினைக்கவே கூடாது" என்றாள். அவள் எங்கள் ஊர் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். நினைக்காமல் எப்படி இருப்பது?

"உனக்குப் பயப்படுறதே வேலை" என்று பஸ்ஸிலேயே கணவர் கேலி செய்தார்.

காலையில் ஒரு கிராமத்தில் பணியாரம், அடுத்த ஊரில் நாட்டுக்கோழிக் குழம்பு. பிறகு திராட்சைப் பந்தலுக்குக் கீழே அவர் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு பழத்தைக் கிள்ளி, "ஆ காட்டு புள்ள" என்றார். காட்டினேன்.

டமார்!

எங்கள் ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் எங்கே என்று பார்க்க மாட்டோம், போனைத்தான் எடுப்போம். மகளின் போனைக் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. ஊரே அவரைக் கூப்பிடுகிறது என்று தோன்றியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தோட்டக்காரர் ஓடி வந்தார். "பயப்படாதீங்கம்மா, கிளி விரட்டப் போட்ட வெடி. சிவகாசிச் சரக்குதான்!"

திரும்பினால், கொடி மறைவில் என் கணவர் எனக்கு முந்தியே அதே வாட்ச்மேனைப் பிடித்து, மகளையே போனுக்கு வரவழைத்திருந்தார். அவள் கத்தியது எனக்கே கேட்டது. "ஏப்பா, கம்பத்துல வெடிச்சா இங்கன எனக்கு என்ன ஆகும்? பேசாம போய்ச் சாப்பிடுங்க!"

அவர் மெல்லக் கையை விரித்தார். எனக்கு ஊட்ட எடுத்த திராட்சை கூழாகியிருந்தது. அதை வாங்கித் தின்றேன். எங்கள் வீட்டில் பயப்படுவது நான் ஒருத்திதான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.