மூடிக்கு உள்ளே ஒரு சொல்

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் பம்பாயில், தாராவியிலிருந்து ஆண்டாப் ஹில் போகும் பஸ்ஸில் அந்தத் தோல் பட்டறைக்காரர் என்னுடன் வருவார். மருதாணி பூசிய தாடி, கையில் தினம் ஒரு பழங்கால வாட்ச். பார்க்கத்தான் பழசு, எல்லாம் புது நகல்கள். வாங்கிவந்து, டீத்தண்ணியில் டயலைப் பழுப்பாக்கி, முள்ளை மாற்றுவார். அது அவருடைய ஆசை, விற்கமாட்டார். ஒவ்வொன்றிலும் பின்மூடியின் உள்பக்கம் ஊசியால் ‘நகல்’ என்று தமிழில் கீறிவைப்பார்.

“மூடிக்கு உள்ள யாரு பாய் பாக்கப்போறா?”

“தெறக்கிறவன் பாப்பாம்லா.”

என் மகளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை பழைய ஃபாரின் வாட்ச் கேட்டிருந்தார். எனக்கு அது கட்டுப்படியாகாது. பாயிடம் சொன்னதும், கையில் கிடந்ததைக் கழற்றித் தந்துவிட்டார்.

“மாப்பிள்ளை தெறந்து பாத்தா?”

சிரித்தார். “பம்பாய்ல பொறந்த புள்ள, தமிழ் வாசிக்கவா போறான்? சொல்லுறதும் சொல்லாததும் ஒங்க பாடு, அண்ணாச்சி.”

அவ்வளவு கவனமாகக் கீறியவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் வாட்சைக் கொடுத்ததும் மாப்பிள்ளை உள்ளே மிஷினைப் பார்க்க மூடியைத் திறந்தார். “இதுல என்ன எழுதிருக்கு மாமா?” என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன்.