அறுநூற்று முப்பத்தேழு பங்குகளின் முதலாளி

பூட்டுத் தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் பிரிவில் அவரை எல்லோரும் ‘முதலாளி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

பட்டம் கேலியாக வந்தது. பதினாறு வருடங்களுக்கு முன்பு, இரண்டாவது பட்டறை கட்டப் பணம் வேண்டும் என்று கம்பெனி தன்னை ஒரு கோடித் துண்டுகளாக்கி, அதில் ஒரு பகுதியைப் பங்குகளாக வெளியே விற்றது. வேலை செய்கிறவர்களும் வாங்கலாம் என்றார்கள். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, இவர் ஒருவர் மட்டும் சேமிப்பை வழித்துத் துடைத்துப் போட்டு ஐநூறு பங்கு வாங்கினார். மறுநாள் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது, ‘ஒட்டகம்’ என்று பெயரெடுத்த நெட்டைக் கூட்டாளி, “தள்ளுங்கப்பா, முதலாளி வர்றாரு” என்று குரல் கொடுத்தான். அன்றோடு ஒட்டிக்கொண்டது.

சொன்னவர்களுக்குத்தான் அது கேலி. இவருக்கு இல்லை. பங்கு வைத்திருக்கிறவன் கம்பெனியில் ஒரு சொந்தக்காரன்தானே? ஒரு கோடியில் ஐநூறு என்றால் வாசல் கேட்டின் ஒரு கீல்கூடத் தன் பாகத்துக்கு வராது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கழிவறைக் குழாய் சொட்டினால் ஓடிப்போய் இறுக்குவார். லாபம் வந்த வருடங்களில் பங்குக்கு இவ்வளவு என்று ஈவுத்தொகை வந்தது. ஒருமுறை நாலு பங்குக்கு ஒரு பங்கு இலவசம் என்று கொடுத்ததில் ஐநூறு அறுநூற்று இருபத்தைந்தானது. வருடக் கடைசி ஊக்கத்தொகையில் இன்னும் பன்னிரண்டு வாங்கிப் போட்டார். மொத்தம் அறுநூற்று முப்பத்தேழு. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் போய், கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாத் தீர்மானத்துக்கும் கை தூக்கிவிட்டு வருவார். போய் வந்த கதையை அக்காவிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக முப்பத்தைந்து வருடம் நின்றே காலைத் தேய்த்தவள். ஓய்வுபெற்று இரண்டு மாதம்தான் ஆகிறது.

முதலாளிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. பங்கு வாங்கின நாளிலிருந்து அது இன்னும் மோசம். சாப்பிடும்போது எழுந்து போய் விலை பார்ப்பார். இரண்டு ரூபாய் ஏறினால் மனைவியிடம் மகளின் கல்லூரிச் செலவு தீர்ந்தது என்பார், இறங்கினால் சோற்றில் உப்பில்லை என்பார்.

அந்தத் திங்கட்கிழமை உண்மையாகவே உட்கார முடியவில்லை. காரணம் பின்கட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர், மூன்று லாரிச் சரக்கைத் திருப்பி அனுப்பியிருந்தார். புது மாதிரிப் பூட்டில் ஸ்பிரிங் உடைகிறதாம். பூட்டினால் திறப்பதில்லை, திறந்தால் பூட்டுவதில்லை. அடுத்த ஆர்டரும் ரத்து. இறக்கிய பெட்டிகளைக் கையால் தொட்டு எண்ணியவர் இவர்: நாலாயிரத்து எண்பது பெட்டி.

“வெளியே மூச்சு விடக்கூடாது. எட்டு நாள்ல காலாண்டுக் கணக்கு வருது, அதுல மேனேஜ்மென்ட்டே சொல்லிக்கும்” என்றார் மேனேஜர்.

எட்டு நாள். அதற்குப் பிறகு பங்கு விலை தரையில்தான் கிடக்கும் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. அதற்கென்று இருப்பது இந்த அறுநூற்று முப்பத்தேழுதான். அவர் நடந்தார். ஷெட்டுக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் ஷெட்டுக்கும். வருகைப் பதிவு எந்திரத்துக்கு மேலே ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: கம்பெனிக்குள் இருப்பவர்கள், வெளியே அறிவிக்காத சேதியை வைத்துப் பங்கு வாங்கவோ விற்கவோ கூடாது. போன வருடம் பசை தடவி அதை ஒட்டியதே இவர்தான். முதலாளியாயிற்றே! இப்போது அதன் பக்கம் திரும்பாமலே கட்டைவிரலைப் பதித்துவிட்டு வெளியே போனார்.

புரோக்கர் ஆபீஸ் ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் இருந்தது. கணினி முன் இருந்த பெண், “என்ன விலைக்கு சார் போடட்டும்?” என்று கேட்டாள்.

“நூத்தி அம்பதுக்குப் போடும்மா.”

பங்குச் சந்தை என்றால் அங்கே கடையும் கிடையாது, தராசும் கிடையாது. விற்கிறவன் தன் விலையைச் சொல்லி ஒரு வரிசையில் நிற்கிறான். வாங்குகிறவன் தன் விலையைச் சொல்லி எதிர்வரிசையில் நிற்கிறான். இரண்டு விலையும் ஒத்துப்போனால் பங்கு கைமாறும். கைமாறுகிற காசில் கம்பெனிக்குச் சல்லிக்காசு போகாது, அது என்றைக்கோ வாங்கவேண்டியதை வாங்கிவிட்டது. கொடுத்தவன் யார், எடுத்தவன் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியவும் தெரியாது. அந்தக் கடைசி விஷயம்தான் அன்றைக்கு முதலாளிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பெரிய கம்பெனிப் பங்கு என்றால் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். பூட்டுக் கம்பெனியைச் சீந்த ஆளில்லை, சில நாள் ஒரு பங்குகூடக் கைமாறாது. திங்கள் போயிற்று. செவ்வாய்க்கிழமை நூற்று நாற்பத்தைந்துக்கு இறக்கினார். எதிர்வரிசையில் ஈ காக்கை இல்லை. திரையில் விலை இருந்து என்ன பிரயோஜனம், அந்த விலைக்கு ஒருவன் வந்து நின்றால்தானே அது காசு? பதினாறு வருடமாக விலை பார்த்தவருக்கு இது இரண்டே நாளில் உறைத்தது. அன்றைக்கு வேலையில் ஒரு லாரிக்குப் பதில் வேறு லாரிக்குச் சீட்டு கிழித்துக் கொடுத்து, ஒட்டகத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

புதன்கிழமை நூற்று நாற்பது. பதினொன்று இருபதுக்கு போன் வந்தது.

“சார், எல்லாம் போயிடுச்சு. மொத்தமா ஒரே ஆளே எடுத்துக்கிட்டாங்க.”

“யாரும்மா?”

“அது எங்களுக்கும் தெரியாது சார். யாரோ.”

‘யாரோ ஒரு இளிச்சவாயன்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். சிரிப்புக்கூட வந்தது. ஆனால் நடை நிற்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் கால் தானாக அக்கா வீட்டுக்குத் திரும்பியது.

அக்கா கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

“வாடா முதலாளி! நானே போன் பண்ணணும்னு இருந்தேன். இன்னையிலேருந்து நானும் முதலாளிதான், தெரியுமா?”

“என்னக்கா சொல்றே?”

“உன் கம்பெனிப் பங்குதான். ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கற புரோக்கர்கிட்ட கணக்கு ஆரம்பிச்சேன். ஓய்வுப் பணம் சும்மாதானே கிடக்குது? எழுநூறு கேட்டேன், அறுநூத்தி முப்பத்தேழுதான் கிடைச்சுதாம். மீதிக்கு விக்க ஆளே இல்லையாம். அது என்னடா கணக்கு, அறுநூத்தி முப்பத்தேழு? எவனோ இருந்ததை மொத்தமா வித்துட்டுப் போயிருக்கான். பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ.”

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார், உடனே எழுந்தார். ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார்.

“அக்கா, அதை எனக்குக் குடுத்துடு. அதே விலை. வேணும்னா ரெண்டு ரூபா சேர்த்துத் தர்றேன்.”

அக்கா மடித்த துண்டை அப்படியே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அடேயப்பா! உள்ள இருக்கறவன் நீ. நீயே வாங்க அலையறேன்னா விலை ஏறப்போகுதுன்னுதானே அர்த்தம்? போடா, போடா. கூடப்பிறந்தவகிட்டயே ஏமாத்தப் பாக்கறியா? நாளைக்கு இன்னும் முந்நூறு வாங்கப்போறேன் பாரு.”

இதற்கு மேல் என்ன செய்ய? வேண்டாம் என்றால் ஏன் என்பாள். வாங்குகிறேன் என்றால் இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். பொய்யில் இனி எந்தப் பக்கமும் வழி இல்லை. மிச்சமிருந்தது ஒன்றுதான். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் அதைப் பார்த்தே பேசினார்.

“அந்த வித்தவன் நான்தான்க்கா.”

ஷெட்டையும் தார்ப்பாயையும் நாலாயிரத்து எண்பது பெட்டியையும் சொன்னார். தானே ஒட்டிய அறிவிப்பையும் விடவில்லை. அக்கா, நோயாளி சொல்வதைக் கேட்டுக்கொள்கிற அதே முகத்தோடு கேட்டாள்.

“பணம் என்ன ஆச்சு?”

“ரெண்டு நாள்ல என் கணக்குக்கு வந்துடும். வந்ததும் உனக்கே திருப்பிக் குடுத்துடறேன். ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுப் பங்கை என் பேருக்கு மாத்திக்கலாம். உனக்கு ஒரு காசு நஷ்டம் வராதுக்கா.”

“சரி.” அவள் மறுபடி துணியை எடுத்தாள். நாலாக மடித்து, பிடிக்காமல் உதறிவிட்டு மறுபடி மடித்தாள். “ஒண்ணு கேக்கறேன். வாங்கினது நானில்லாம, என்னை மாதிரியே இன்னொரு நர்ஸா இருந்திருந்தா? இந்நேரம் நீ காலை நீட்டிக்கிட்டு நிம்மதியா டீ குடிச்சிட்டு இருந்திருப்பே, இல்ல?”

ஆமாம். இருந்திருப்பார். அது தெரிந்ததால்தான் அவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

சனிக்கிழமை பணத்தை அக்காவிடம் கொடுத்தார், அவளுடைய புரோக்கர் ஆபீசில் பங்கை மாற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மாடிப்படி இறங்கும்போது அவள் வழக்கம்போல அவர் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னார். மகளுக்குக் கல்விக் கடன் போட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை கணக்கு வெளியானது. புதன்கிழமை காலையில் பூட்டுக் கம்பெனிப் பங்கை விற்க வரிசை வாசல் தாண்டி நின்றது, வாங்க ஒருவரும் இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்கலாம் என்று சந்தை வைத்த எல்லையைத் தினமும் தொட்டுத் தொட்டு, அடுத்த வாரம் எழுபதில் வந்து நின்றது. முதலாளி லாரிக்கும் ஷெட்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். ஒட்டகம் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

“யோவ் முதலாளி, நீ பொழைக்கத் தெரியாத ஆளுய்யா. பெட்டியை எண்ணினதே நீதானே? அப்பவே வித்துத் தொலைச்சிருக்கலாம்ல?”

“வாங்க ஆள் வேணுமேப்பா.”

“யாராவது வாங்கியிருப்பான்யா.”

முதலாளி நடையை நிறுத்தினார்.

“யாராவதுன்னு ஒரு ஆளு கிடையாதுப்பா” என்றார். பிறகு லாரிச் சீட்டை இரண்டு முறை சரிபார்த்து டிரைவரிடம் கொடுத்தார்.