சிங்கப்பூரிலிருந்து மடியில் வந்த பெட்டி

அருண் போன் செய்தபோது நான் பட்டறையில் லேத்து மிசினுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை. ஈர விரலோடு போனை எடுத்துக் காதில் வைத்ததில் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது.

அருண் என் அக்கா மகன். ஆறு வயதில் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு என் காலைச் சுற்றி வந்தவன். இப்போது பெங்களூரில் வேலை, மீசை, எனக்கே எதைத் தின்ன வேண்டும் எதைத் தின்னக் கூடாது என்று புத்தி சொல்கிறான்.

"மாமா, புதுசா ஒரு கேம் பெட்டி வருது. ரிமோட்டைக் கையில புடிச்சு வீசுனா டி.வி.க்குள்ள இருக்கறவனும் அதே மாதிரி வீசுவான். புக் பண்ணிப்போட்டேன். வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் இல்ல."

"இருபத்திநாலு வயசுல பொம்மை கேக்குதா உனக்கு?" என்றேன். நான் அப்படித்தான் பேசுவேன். பேசிப் பேசியே கெட்டவன்.

அவன் சிரித்தான். "அப்பாகிட்டச் சொன்னேன் மாமா. 'கையை வீசற சமாச்சாரத்தை மட்டும் வாங்காத, பூராம் ஏமாத்து வேலை'ங்கறாரு. அவரு சிங்கப்பூர்ல பழைய கேம் பெட்டி வாங்கி ஏமாந்த கதை உங்களுக்குத் தெரியுமில்ல? அடுத்த வருசமும் டூர் போனாரே, அப்ப பில்லை எடுத்துக்கிட்டு அந்தக் கடைக்கே போயிருக்காரு. கெட்டுப்போனதக் குடுத்து ஏமாத்திப்போட்டீங்கன்னு சண்டை. செக்யூரிட்டி கையைப் புடிச்சு வெளிய தள்ளிட்டானாம். கூட வந்த டீலருங்க எல்லாம் பாத்துட்டாங்க. இன்னைக்கும் பல்லடத்துல அவரு பேரு டூப்ளிகேட்டுதான்."

சொல்லிவிட்டு மறுபடி சிரித்தான். அவனுக்கு அது வீட்டு ஜோக். நான் மிசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்குப் போய்ச் சண்டை போட்டார் என்பது எனக்குத் தெரியாது. பதினெட்டு வருசமாக ஒருத்தரும் சொல்லவில்லை. ஏனென்றால் அந்தப் பெட்டி கெட்டுப்போகவே இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கன்னத்தில் காய்ந்துகொண்டிருந்த சந்தனம் மூக்கில் ஏறியது. அந்த வாசனையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. துடியலூரில் அம்மாவும் நானும். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் லேத்து ஓட்டினேன். வேலை முடிந்ததும் கம்பெனிக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில் போய் உட்கார்ந்துகொள்வேன். மூன்று பக்கம் பிளைவுட் அடைத்த பொந்து. முந்தின ஆள் அடித்த சென்ட் வாசனை, வியர்வை, மேலே லொடலொடவென்று ஒரு ஃபேன். அங்கேதான் முதன்முதலாக அந்தப் பெட்டியின் வீடியோவைப் பார்த்தேன். பத்து வினாடி ஓடும், இரண்டு நிமிடம் நிற்கும். வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று சோபாவிலிருந்து எழுந்து ரிமோட்டை வீசுகிறது, டி.வி.க்குள் பந்து உருண்டு போய்க் கட்டைகளைச் சாய்க்கிறது. பட்டனை அமுக்கியே விரல் தேய்ந்த தலைமுறை நாங்கள். வாயைப் பிளந்து பார்த்தேன். படத்தைப் பிரின்ட் போட்டு என் டூல்ஸ் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். கூட வேலை செய்தவர்கள் அங்கே சாமி படம் ஒட்டியிருப்பார்கள்.

என் பைத்தியம் துரைசாமி மாமாவுக்கும் தொற்றியது. அக்கா சாந்தியின் வீட்டுக்காரர், அருணின் அப்பா. பல்லடத்தில் கோழித்தீவன டீலர். நல்ல ஆகிருதி, பெரிய சிரிப்பு. அவர் வண்டியை விட்டு இறங்கினாலே தவிடும் கருவாட்டுத்தூளும் கலந்த ஒரு வாசம் வாசல் வரைக்கும் முன்னால் வரும். படத்தைக் காட்டியபோது முதலில் கிண்டல் செய்தார்.

"ஏண்டா மாப்ள, காத்துல கைய வீசறதுக்கு எதுக்குடா பெட்டி? பண்ணையில நாங்க நாள் பூரா கோழிய முடுக்கிக் கைய வீசிக்கிட்டுத்தான கெடக்கறோம்?"

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன். "அந்தப் பந்து உருட்டற ஆட்டம், எத்தன பேரு ஆடலாம்?"

"நாலு பேருங்க மாமா."

"நானு, நீயி, உங்கக்கா, அருணு. செரியாப் போச்சுடா."

அதற்கப்புறம் தினம் ஒரு போன். வந்துதா, எப்ப வரும், காந்திபுரத்துல கேட்டியா. எங்கே கேட்டாலும் இல்லை. இங்கே அதை விற்கவே இல்லை, வெளிநாட்டிலும் தட்டுப்பாடாம். அப்போதுதான் தீவனக் கம்பெனி, அந்த வருசம் நிறைய மூட்டை தள்ளிய டீலர்களைச் சிங்கப்பூர் கூட்டிப் போனது. மாமாவுக்கு அதுதான் முதல் விமானம். எல்லோரும் மிருகக்காட்சிசாலை, கடற்கரை என்று சுற்றியபோது, இவர் நான் இன்னொன்று போட்டுக் கொடுத்த பிரின்ட் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். இங்கிலீஷ் வராது. தமிழ்க் கடைக்காரர் யாரோ வழி சொல்ல, கடைசி நாள் சாயந்திரம் கிடைத்தது. விமானத்தில் மேலே வைக்கச் சொன்னதற்கு மாட்டேன் என்று, பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். "சாந்திக்குப் பொறந்த கொழந்தையக்கூட இத்தன நேரம் மடியில வெச்சதில்லடா" என்றார். அக்கா பக்கத்திலிருந்து முறைத்தாள்.

பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால். வந்ததும் பிரிக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

"மிசினுதான அது? பூசை போடாம ஓட்டக் கூடாது. உங்கொப்பன் அப்படித்தான் கெணத்து மோட்டாரைப் பூசை போடாம ஓட்டுனாரு. காயிலு கருகிப்போச்சு."

இரண்டு நாள். அட்டைப் பெட்டியைப் பார்த்தபடியே சோறு தின்றேன். கம்பெனியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? எட்டுப் பேரைக் கூப்பிட்டுவிட்டேன். "வாங்கடா, ஜென்மத்துல பாத்திருக்க மாட்டீங்க" என்று.

பூஜை அன்று மாமாவும் அக்காவும் அருணும் காலையிலேயே வந்தார்கள். பெட்டியை ஹாலில் பரப்பினோம். வெள்ளைப் பெட்டி, ரிமோட்டுகள், அப்புறம் ஒரு சாண் நீளத்தில் மெல்லிசாக ஒரு கறுப்புப் பட்டை. அதை டி.வி. மேல் வைக்க வேண்டும் என்று படம் போட்டிருந்தது, வைத்தேன். அது எதற்கு என்று எவனுக்குத் தெரியும்? புத்தகத்தைப் படிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. டி.வி.க்கு நெற்றிப்பட்டை மாதிரி அழகுக்கு என்று நினைத்தேன். கம்பெனியில் வருசா வருசம் எல்லா மிசினுக்கும் சந்தனம் வைக்கிற வேலை என்னுடையது. அந்தக் கைப்பழக்கம். வெள்ளைப் பெட்டிக்கு மூன்று விரல் பட்டை, ரிமோட்டுக்கு ஒவ்வொரு பொட்டு. கறுப்புப் பட்டைக்கு இந்த ஓரம் ஒரு அப்பு, அந்த ஓரம் ஒரு அப்பு, மேலே குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது. அம்மா கற்பூரம் காட்டினாள்.

கம்பெனி ஆட்கள் எட்டுப் பேரும் வந்து சுவரோரம் நின்றார்கள். பக்கத்து வீட்டார் ஜன்னலில். மாமா வேட்டியை மடித்துக் கட்டி, கையைச் சுழற்றி, தயாராக நின்றார். முதல் வீச்சு அவருக்கு என்று பேசி வைத்திருந்தோம்.

போட்டேன். திரை வந்தது, பாட்டு வந்தது. ஆனால் ரிமோட்டை நீட்டினால் திரையில் ஒரு வெள்ளைக் கை தெரிய வேண்டும், அதை வைத்துத்தான் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். கை வரவே இல்லை. ஆட்டினேன், உதறினேன், பேட்டரி மாற்றினேன். கால் மணி, அரை மணி. சுவரோரம் ஒருவன் செருமினான்.

"என்னடா, ஜென்மத்துல பாக்காதது இதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "இரு மாப்ள, பதறாத. சித்த நேரம் பொறுத்துப் பாக்கலாம்" என்று என் தோளில் கை வைத்தார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"என்னத்தப் பொறுக்கறது? எவனோ டூப்ளிகேட்டத் தலையில கட்டியிருக்கான். கோழித்தீவனம் விக்கறவன அனுப்புனா இப்பிடித்தான்."

சொன்ன பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. எங்கள் பக்கம் வீட்டு மாப்பிள்ளையை எழுபது வயதுக் கிழவர்கூட 'வாங்க' என்றுதான் சொல்வார். நான் எட்டுப் பேர் முன்னால் 'விக்கறவன்' என்றேன். டி.வி.யில் அந்தச் சனியன் பிடித்த பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா மடித்த வேட்டியை இறக்கிவிட்டார். "சாந்தி, அருணைக் கூப்புடு. போலாம்."

அம்மா வாசல் வரைக்கும் ஓடினாள். "ஏனுங் மாப்பிள்ளை, அவன் கெடக்கறான் கூறுகெட்டவன். எல போட்டாச்சுங்க, ஒரு வாய் உண்டுபோட்டுப் போங்க."

"இல்லீங் அத்தை. சோறு எறங்காதுங்க."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து மாமா எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. கல்யாணம், காது குத்து என்றால் மண்டபத்துக்கு வருவார், முறை செய்வார், போய்விடுவார். அம்மா செத்த அன்றைக்கும் வாசல் பந்தலோடு சரி.

இனிமேல் சொல்லப்போவதை என் பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் நான் வேலை விட்டு வந்தபோது அம்மா ஈரத் துணியால் காய்ந்த சந்தனத்தையெல்லாம் துடைத்து வைத்திருந்தாள். கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம் என்று போட்டேன். ரிமோட்டை நீட்டினேன். வெள்ளைக் கை வந்து நின்றது. மினுமினுவென்று, என் கை போகிற பக்கமெல்லாம் போனது.

மிசின்காரன் புத்தி சும்மா இருக்காதே. கறுப்புப் பட்டையின் ஓரங்களில் விரலை வைத்தேன். கை மறைந்தது. விரலை எடுத்தேன், வந்தது. வைத்தேன், மறைந்தது. பத்துத் தடவை செய்தேன். ரிமோட் பார்க்கிற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் அந்த இரண்டு ஓரத்திலிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது. சரியாக அதன்மேல்தான் நான் சந்தனத்தை அப்பியிருக்கிறேன்.

அப்போதே பஸ் ஏறியிருக்க வேண்டும். பல்லடம் என்ன பரதேசமா? மாமா காலில் விழுந்திருந்தால் மண்டையில் ஒன்று போட்டு, "கூறுகெட்டவனாட்டம் பேசிட்டு இப்ப வாரயாடா" என்று சிரித்திருப்பார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பெனியில் போய், "உள்ள ஒரு ஒயரு விட்டிருந்துது, சால்டர் வெச்சுச் சரி பண்ணிப்போட்டேன்" என்றேன். கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினார்கள். அக்காவிடம் மூச்சு விடவில்லை. அருண் லீவுக்கு வந்தபோது பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். ஆறு வயதுப் பையன், "அது எங்க, மாமா?" என்று கேட்டான். "குப்பைல போட்டாச்சு" என்றேன். அவன் ஊருக்குப் போனதும் இறக்கி வைத்துத் தனியாக ஆடினேன். நாலு பேர் ஆடுகிற ஆட்டம். நான் வீசுவேன், அப்புறம் அடுத்த ஆளுக்காக நானே வீசுவேன்.

அருண் போனை வைத்த மறுநாள்கூட இல்லை, அன்றைக்கே பட்டறையைப் பூட்டிவிட்டுப் பல்லடம் போனேன். மாமா வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். தலை வெளுத்துவிட்டது. டீலர்ஷிப்பை விட்டு நாலு வருசம். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். சந்தனம், விரல், ஒயர் என்று சொன்ன பொய், பரண். நடுவில் நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று பயம். உள்ளே அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. அவளும் கேட்டிருக்கிறாள்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி, துண்டில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அப்ப அது ஆடுச்சா?"

"ஆடுச்சுங்க மாமா."

"அந்தப் பந்து உருட்டறது?"

"ஆமாங்க."

"எப்பிடி இருந்துச்சு?"

பதினெட்டு வருசம் சுமந்து வந்த பழிக்கு அந்த மனுசன் கேட்டது அவ்வளவுதான். நானும் சொன்னேன். பந்து போகிற உருட்டல் சத்தம், கட்டைகள் சாய்வது, எல்லாம் விழுந்துவிட்டால் ரிமோட் கையிலேயே நடுங்குவது. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இப்ப எங்க அது?"

"ஊடு மாத்தறப்ப பழைய இரும்புக்காரருக்குப் போட்டுட்டேனுங்க."

"அன்னைக்கே சொல்லியிருந்தீனா ஒரு ஆட்டம் ஆடியிருப்பேன்."

"அருண் புக் பண்ணியிருக்கானுங்க மாமா. அதைவிட நல்லதாமா. வந்ததும் எல்லாரும் ஒட்டுக்கா உக்காந்து—"

"நீங்க ஆடுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எனக்கு அந்த ஆசை போயி ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டு, பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

பிரௌசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். மோட்டார் கம்பெனியை இடித்து பிளாட் கட்டிவிட்டார்கள். அம்மா இல்லை. அதெல்லாம் போகும், போகத்தான் செய்யும், அதற்கு நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. மடியில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, எப்போது விடியும் எப்போது ஆடலாம் என்று கடல் தாண்டி வந்த முப்பத்தெட்டு வயது மனுசன் ஒருத்தன் இருந்தான். அவன் தானாகப் போகவில்லை.