டெரெக் வேலை செய்த சாம்பல் நிறக் கப்பல்

டெரெக் போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் மெசேஜ் போட்டிருந்தார். ஹார்ட் அட்டாக்... அறுபத்து மூன்று வயது. ஷிப்ட் முடிந்து ஹவுன்ஸ்லோ போகும் பஸ்ஸுக்குள் இருந்து இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு... ஏர்போர்ட் கார்கோவில் என்னோடு ஒன்பது வருடம் வேலை செய்த வெள்ளைக்காரர். அதில் முதல் ஒரு வருடம் நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை.

காரணம், அவருடைய லாக்கர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு போட்டோ. சாம்பல் நிறப் போர்க்கப்பல், முன்னுக்கு ஒரு பீரங்கி. எங்கள் பத்திரிகைகளில் நாசகாரிக் கப்பல் என்று போடுவார்களே, அந்த வகை. பத்தொன்பது வயதில், அவர்கள் நாட்டு நேவியில் இருந்தபோது, அதில்தான் ஃபோக்லாந்துத் தீவுச் சண்டைக்குப் போனாராம்.

சண்டைக் காலத்தில் எங்கள் ஊர்க் கடலில் நேவிக் கப்பலின் அந்த நிறம் தெரிந்தால் சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டு பங்கர் குழிக்குள் ஓடின பிள்ளைகள் நாங்கள். இது வேறு நாட்டுக் கப்பல், வேறு சண்டை என்று தெரியும். ஆனால் அவர் லாக்கரைத் திறந்தால் நான் எழும்பி வெளியே போய்விடுவேன்.

அவரோடு ஒரே வேனில் போகாமல் இருக்க, மாதா கோயிலில் கொயர் பாட்டுப் பிராக்டிஸ் என்று சூப்பர்வைசருக்குப் பொய் சொல்லி ஷிப்ட் மாற்றினேன். கன்டீனில் வேலை செய்த செல்வி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீ எப்பயடா பாடினனி? அந்த மனிசன் உனக்கு என்ன செய்தது? பாவம், தான் ஏதும் பிழை விட்டிட்டனோ எண்டு என்னட்ட வந்து கேக்குது."

பிறகு, ஆள் குறைவான ஒரு நாளில் மாட்டிக்கொண்டேன். நானும் அவரும் ஒரே வேனில். பாதி வழியில் போலீஸ் ரோட்டை மறித்துவிட்டது. யாரோ விட்டுப்போன ஒரு பேக்... வேனை விட்டு இறங்கக் கூடாது என்றார்கள்.

நாற்பது நிமிடம். அவர் ஸ்டியரிங்கை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்கு முதுகெல்லாம் வியர்வை.

திடீரென்று ஒரு வெடி.

போலீஸ்தான் அந்த பேக்கை வெடிக்க வைத்தது என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரம் நான் சீட்டுக்குக் கீழே கிடந்தேன். காதைப் பொத்தி, வாயை ஆவென்று திறந்தபடி. கண்ணைத் திறந்தால், ஸ்டியரிங்குக்குக் கீழே டெரெக்கும் மடங்கிக் கிடக்கிறார். என்னையே பார்க்கிறார்.

"வாயைத் திறக்கச் சொல்லி ஆர் பழக்கினது?" அவர் இங்கிலீஷில் கேட்டார்.

"அம்மா. காது வெடிக்காமல் இருக்க."

அன்றைக்கு பங்கர் கதையைச் சொன்னேன். அவரும் சொன்னார். கப்பலின் அடித்தட்டில் குண்டுகள் அடுக்கிய அறையில் அவருக்கு வேலை. மேலே பீரங்கிக்குக் குண்டு ஏற்றி அனுப்புவது. தலைக்கு மேலே மூடியைப் பூட்டிவிடுவார்கள். விமானம் வருகிறது என்று ஸ்பீக்கர் சொன்னால் குப்புறப் படுத்து, யாருக்கு விழப்போகிறது என்று காத்துக் கிடப்பது. மற்ற நேரத்தில் கரையை நோக்கி இவர்கள் அடிப்பது.

"நான் ஏத்தி அனுப்பினது எங்க போய் விழுந்ததெண்டு ஒருநாளும் பாக்கேல்லை, யோகன். நீ அந்தப் பக்கம் இருந்தனி. அங்க எப்பிடி இருக்கும்?"

"இன்னொரு நாளைக்குச் சொல்றன்" என்றேன்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் ஒரே வேன். என் மகள் மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கின கொண்டாட்டத்துக்கு கோட் சூட்டோடு வந்து, கொத்து ரொட்டியின் உறைப்புத் தாங்காமல் கண்ணீர் விட்டார்... விடாமல் சாப்பிட்டும் முடித்தார்.

சிக்னலில் நிற்கும்போது சில நாள் என்னைத் திரும்பிப் பார்ப்பார். கேட்கமாட்டார். நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

கோழைத்தனம்தான்.

டெரெக், இப்ப சொல்றன்.

முதல்ல கடல் பக்கம் சின்னதா ஒரு சத்தம். பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் கேக்காது. பிறகு விழும். மண்புழுதிக்குள்ள ஆளை ஆள் தெரியாது. அம்மா எங்கட பேரை ஒவ்வொண்டாக் கூப்பிடுவா. நாங்கள் ஓம், ஓம் எண்டுவம்.

ஒருநாள் தம்பி ஓம் சொல்லேல்லை.

அது உங்கட கப்பல் இல்லை, டெரெக். அதையாவது நான் அண்டைக்கே சொல்லியிருக்கலாம்.

போயிட்டு வாங்கோ.